நீலப் பெட்டி போனதும் பாண்ட்ரி காரும் ஏன் போனது?

கேள்வி: எங்கள் ஊர் வழியாகப் போகும் நெடுந்தூர எக்ஸ்பிரஸில் பழைய நீலப் பெட்டிகளை எடுத்துவிட்டு ஜெர்மன் வடிவமைப்பான சிவப்பு நிற எல்.எச்.பி. பெட்டிகளைப் போட்டிருக்கிறார்கள். கூடவே சமையல் பெட்டியான பாண்ட்ரி காரும் காணாமல் போய்விட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? பழைய பெட்டிகளை என்ன செய்வார்கள்? இனி சாப்பாட்டுக்கு என்ன வழி?

பதில்:

தொடர்பு உண்டு. பாண்ட்ரி காரை எடுத்தது கேட்டரிங் பிரிவு தனியாக எடுத்த முடிவு போலத் தெரியும். ஆனால் அதற்கான காரணங்களில் பாதி பெட்டியின் வடிவமைப்பிலேயே இருக்கின்றன. பெட்டியின் நீளம் மாறியது, பெட்டிக்கு மின்சாரம் வரும் வழி மாறியது, ஓடும் வண்டியில் அடுப்பு எரிப்பதைப் பற்றிய பார்வையும் மாறியது. இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் உங்கள் கடைசிக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் பழைய பெட்டி. அது சென்னை பெரம்பூரில் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பை வைத்து 1955 அக்டோபர் 2 அன்று ஐ.சி.எஃப். எனும் இன்டக்ரல் கோச் ஃபேக்டரியை நேரு தொடங்கிவைத்தார். மரச் சட்டகத்துக்குப் பதிலாக முழுக்க எஃகு, அடிச்சட்டமும் பக்கச் சுவரும் கூரையும் ஒன்றாகச் சேர்ந்து பாரம் தாங்கும் கூடு: அந்தக் காலத்துக்கு அது பெரிய பாய்ச்சல். 2018 ஜனவரியில் அந்த வடிவமைப்பின் கடைசிப் பெட்டி வெளியே வந்தது. அதன் பிறகு அங்கே அந்த வகையைக் கட்டவில்லை.

ஐ.சி.எஃப். பெட்டிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் 25 ஆண்டு. கடைசிப் பெட்டி 2018-ல் வந்தது என்றால் கணக்குப்படி 2043 வரை ஓடலாம். அவ்வளவு நாள் ஓட விடப் போவதில்லை. உங்கள் ரயிலிலிருந்து எடுக்கப்பட்ட பெட்டிகள் எல்லாமே வயது முடிந்தவையாக இருக்க வேண்டியதில்லை. ரயில் ரயிலாக மாற்றுவதால், நல்ல நிலையில் உள்ளவை வேறு வண்டிக்குப் போகும், தேய்ந்தவை கழிக்கப்படும்.

இந்த அவசரத்துக்கு முதல் காரணம் பாதுகாப்பு. ஐ.சி.எஃப். பெட்டிகளைத் திருகு இணைப்பும், இடியைத் தாங்கும் இருபுறப் பஃபர்களும் பிணைக்கின்றன. மோதலில் இந்த இணைப்பு அறுந்தால் ஒரு பெட்டி அடுத்த பெட்டியின் மேல் ஏறும், அல்லது அதற்குள் புகுந்துவிடும். 2016 நவம்பர் 20 அன்று கான்பூருக்கு அருகே புக்ராயனில் இந்தூர்–பாட்னா எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு சுமார் 150 பேர் இறந்தார்கள். அது ஐ.சி.எஃப். பெட்டி வண்டி. எல்.எச்.பி. பெட்டியின் நடுவில் இருக்கும் சென்டர் பஃபர் கப்ளர் பெட்டிகளை இறுகப் பூட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தடுக்கிறது. அதற்காக அது எல்லா விபத்திலும் காப்பாற்றிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 ஜூன் 2 அன்று பாலசோரில் சிக்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் எல்.எச்.பி. வண்டிதான். நின்றுகொண்டிருக்கும் சரக்கு ரயிலில் முழு வேகத்தில் மோதினால் எந்தக் கப்ளரும் போதாது. தடம்புரளும் விபத்துகளில்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

வேகமும் சேர்ந்துகொள்கிறது. ஐ.சி.எஃப். பெட்டியில் பிரேக் கட்டை சக்கரத்தின் மேலேயே அழுத்தும், சக்கரம் சூடாகும், தேயும். எல்.எச்.பி.யில் அச்சில் பொருத்திய டிஸ்க் பிரேக், சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி இரண்டும் உண்டு. சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் ஐ.சி.எஃப். வண்டிகள் 110 கி.மீ. வேகத்தில் நின்றுவிட, எல்.எச்.பி. பெட்டி 160 வரை ஓடத் தகுதி பெற்றது. முழுப் பராமரிப்பின் இடைவெளியும் வேறு. ஐ.சி.எஃப். எக்ஸ்பிரஸ் பெட்டி 18 மாதத்துக்கு ஒருமுறை பி.ஓ.எச். எனும் முழுப் பராமரிப்புக்கு ஒர்க்‌ஷாப் போக வேண்டும். எல்.எச்.பி.க்கு 18, 36, 72 மாதம் என்று படிப்படியாக வேலை கூடும்.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியின் ஆயுளை உண்மையில் முடிப்பது அதுதான். ஐ.சி.எஃப். பெட்டியின் பக்கச் சுவர் 2 மி.மீ. தகடு. தரைக்குக் கீழே நெளிநெளியாக மடித்த தகடு, அதன் மேல் பலகை, அதன் மேல் பி.வி.சி. விரிப்பு. கழிவறைத் தண்ணீர் விரிப்பின் ஓரத்தில் இறங்கி அந்த நெளிவுகளின் பள்ளத்தில் தேங்கும். வடிகால் துளையில் குப்பையும் பெயின்டும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே கிடக்கும். பக்கச் சுவர் கீழே உள்நோக்கி வளையும் இடம், பெட்டியின் நீளவாக்கில் ஓடும் சோல்பார் உத்திரம், கழிவறைக்கும் கதவுக்கும் அடியிலுள்ள பகுதி: முதலில் அரிப்பது இந்த இடங்கள்தான். வெளியில் பளபளவென்று பெயின்ட் இருக்கும். பரிசோதகர் கூர்முனைச் சுத்தியலால் சோல்பாரைத் தட்டுவார். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாகச் சத்தமிடும், சில சமயம் சுத்தியல் உள்ளேயே போய்விடும்.

அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் துண்டை வெல்டிங் செய்வார்கள். பாதி ஆயுளில் பெரிய மறுசீரமைப்புக்கென்றே போபாலில் நிஷாத்புரா ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஆனால் ஒட்டுக்கு மேல் ஒட்டு விழுந்தால் அடுத்த துரு அந்த வெல்டிங் ஓரத்திலிருந்தே தொடங்கும். பெட்டியின் பாரம் போகி எனும் சக்கரத் தொகுதியின் மேல் உட்காரும் பாடி போல்ஸ்டர் பகுதிக்கு அரிப்பு போய்விட்டால், வயதைப் பார்க்காமல் பெட்டியைக் கழித்துவிடுவதுதான் சரி. பாண்ட்ரி கார் இந்த விஷயத்தில் எல்லாப் பெட்டிகளையும்விட மோசம். உப்புத் தண்ணீர், சோற்றுக் கஞ்சி, பாத்திரம் கழுவிய நீர், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் நாள் முழுக்கத் தரையில் ஓடும். எல்.எச்.பி. பெட்டியில் சுவரும் கூரையும் ஸ்டெய்ன்லெஸ் வகை எஃகு என்பதால் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. அடிச்சட்டத்தைக் கவனிக்க வேண்டிய தேவை மட்டும் அப்படியே இருக்கிறது.

கழித்த பெட்டி நேராக இரும்புக் கடைக்குப் போவதில்லை. 20 ஆண்டைத் தாண்டிய பெட்டிகளில் உடல் நன்றாக இருப்பவற்றை என்.எம்.ஜி. என்ற வாகனச் சரக்குப் பெட்டியாக மாற்றுகிறார்கள். சீட், மின்விசிறி, விளக்கு, கழிவறை எல்லாவற்றையும் கழற்றி, சன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, இரு முனைகளிலும் அகலமாகத் திறக்கும் கதவு வைப்பார்கள். கார்கள் ஒரு முனையில் ஏறி, பெட்டி பெட்டியாக உள்ளேயே ஓடிப் போய் நிற்கும். இப்படி இன்னும் ஐந்து முதல் பத்து ஆண்டு உழைக்கும். சன்னலில்லாத நீளப் பெட்டிகளாக ஒரு ரயில் போவதைப் பார்த்திருப்பீர்களே, அவை பலவும் ஒரு காலத்தில் நம்மைச் சுமந்த ஸ்லீப்பர் பெட்டிகள்தான். 2020-ல் கொரோனாவுக்காக 5,231 பழைய பெட்டிகளைத் தனிமை வார்டுகளாக மாற்றினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் அசன்சோல் நிலையத்தில் மெமு எனும் குறுந்தூர மின்சார ரயிலின் இரண்டு பழைய பெட்டிகளை உணவகமாக்கினார்கள். பிறகு பல நிலையங்களில் இது பரவியது. மிச்சம் உள்ளவற்றிலிருந்து சக்கரம், பேரிங், பேட்டரி, பிரேக் சிலிண்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைக் கழற்றிக்கொண்டு, வெறும் கூட்டை ஆன்லைன் ஏலத்தில் விடுகிறார்கள். வாங்கியவர் கேஸ் கட்டிங் செய்யும் முன் ரெக்சின், பஞ்சு, லேமினேட் பலகை எல்லாவற்றையும் உரித்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டுத் தகட்டில் சுடரை வைத்தால் பெட்டி முழுக்கப் பற்றிக்கொள்ளும்.

இனி பாண்ட்ரி காருக்கு வருவோம்.

நீளம்: ஐ.சி.எஃப். பெட்டி பஃபர் முனையிலிருந்து முனைவரை 22.3 மீட்டர். 24 பெட்டி போட்டால் சுமார் 535 மீட்டர். எல்.எச்.பி. பெட்டி கப்ளரோடு 24 மீட்டர், ஆகவே அதே பிளாட்பாரத்தில் 22 பெட்டிதான் அடங்கும். இரண்டு பெட்டி குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் ஸ்லீப்பரில் 72 படுக்கை 80 ஆனது, மூன்றடுக்கு ஏ.சி.யில் 64 என்பது 72 ஆனது. இந்தச் சூழலில் வண்டி அமைப்பைத் திட்டமிடுபவரின் கண் முதலில் போய் நிற்கும் இடம் பாண்ட்ரி கார். டிக்கெட் வருமானம் தராத பெட்டி அது. அதே இடத்தில் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டி போட்டால் ஒரு நடைக்கு 72 டிக்கெட் கூடுதல். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் தடங்களில் இந்தக் கணக்கை எதிர்த்து வாதிடுவது கடினம்.

இதோடு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பழைய பாண்ட்ரி காரைப் புது வண்டியில் அப்படியே கோத்துவிட முடியாது. திருகு இணைப்பு கப்ளரோடு சேராது. வண்டி முழுக்க ஓட வேண்டிய 750 வோல்ட் கேபிளுக்கும் அதில் வழியில்லை. எல்.எச்.பி. பாண்ட்ரி கார் தனியாகக் கட்டப்பட்டுக் கையில் வந்தால்தான் உண்டு. ரயில் மாற்றும் நாளில் அது இல்லையென்றால் பாண்ட்ரி இல்லாமலேயே வண்டி கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பிய வண்டிக்குத் திரும்பவும் பாண்ட்ரி சேர்ப்பது அபூர்வம்.

மின்சாரம்: இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ராஜ்தானி போல ஜெனரேட்டர் பெட்டி வைத்தவற்றை விட்டுவிட்டால், பழைய ஐ.சி.எஃப். பெட்டி தன் மின்சாரத்தைத் தானே தயாரித்தது. அச்சிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றும் ஆல்டர்னேட்டர், 110 வோல்ட் டி.சி., ஏ.சி. இல்லாத பெட்டியில் 4.5 கிலோவாட். அது விளக்குக்கும் விசிறிக்கும் போதும், சமையலுக்குப் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 8 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். 4.5 கிலோவாட்டை முழுதாக இதற்கே கொடுத்தாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வண்டி நின்றால் ஆல்டர்னேட்டரும் நின்றுவிடும். அதே வேலையை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எல்.பி.ஜி. முடித்துவிடும். ஆகவே பழைய பாண்ட்ரியில் கேஸ் அடுப்பு இருந்ததற்குக் காரணம் அலட்சியம் என்று சொல்ல முடியாது. வேறு வழி இருக்கவில்லை.

எல்.எச்.பி. வண்டியில் மின்சாரம் 750 வோல்ட் மூன்று ஃபேஸாக வருகிறது. முதலில் இரு முனைகளிலும் இருந்த ஜெனரேட்டர் பெட்டிகள் கொடுத்தன. இப்போது பெரும்பாலும் எஞ்சினே மேல்கம்பியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஹெட் ஆன் ஜெனரேஷன் என்பது இதுதான். ஹாட் பஃபே கார் என்று அழைக்கப்படும் எல்.எச்.பி. பாண்ட்ரியில் மின்சாரக் கொதிகலன், உணவைச் சூடாக வைக்கும் ஹாட் கேஸ், டீப் ஃப்ரீசர், பாட்டில் கூலர் எல்லாம் இந்த மின்சாரத்தில் ஓடும். மேல்கம்பியில் நியூட்ரல் செக்‌ஷன் எனும் மின்சாரமில்லாத சிறு இடைவெளி வரும் இடங்களில் சில நொடி மின்சாரம் நின்று வரும். ஹாட் கேஸுக்கு அதனால் பாதிப்பில்லை.

நெருப்பு: 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை யார்டில் நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தது நம் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். லக்னோவிலிருந்து வந்த தனியார் குழு வாடகைக்கு எடுத்த பெட்டி அது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் சமைக்கப் போய் நடந்தது. அது பாண்ட்ரி கார் அல்ல. ஆனால் நீளமான, குறுகலான, இரு முனைகளில் மட்டுமே வழியுள்ள பெட்டியில் சுடர் பற்றினால் என்ன ஆகும் என்பதை அது காட்டிவிட்டது. எரியும் பொருளை ரயிலில் கொண்டு போவது ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஜெனரேட்டர் பெட்டிகளிலும் பாண்ட்ரி கார்களிலும் தானாகத் தீயை உணர்ந்து அணைக்கும் அமைப்பு பொருத்தப்படுகிறது. திறந்த சுடரை ஓடும் வண்டியிலிருந்து முழுதாக வெளியேற்றுவது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சமையலைக் கீழே இறக்கும் வேலை 2017 கேட்டரிங் கொள்கையோடு வேகம் பிடித்தது. சமைப்பது வேறு, பரிமாறுவது வேறு என்று பிரித்தார்கள். ஐ.ஆர்.சி.டி.சி. பொறுப்பில் நிலையங்களுக்கு அருகே பேஸ் கிச்சன், அங்கே சமைத்து அடைத்து ரயிலில் ஏற்றுவது, ரயிலில் சூடு குறையாமல் வைத்துக் கொடுப்பது. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, ரயில்களில் பானம் தயாரிக்கக் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தியது முதல் உணவைத் திறந்து வைத்திருந்தது வரை விவரித்திருந்தது. அந்த நிலையை நினைத்தால், கேமரா வைத்த, கழுவ இடமுள்ள ஒரு தரைச் சமையலறை எவ்வளவோ மேல். வந்தே பாரத் இந்த முறையின் முழு வடிவம். 2019-ல் ஓடத் தொடங்கிய நாள் முதலே அதில் பாண்ட்ரி கார் கிடையாது. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஹாட் கேஸ், கொதிகலன், கூலர் கொண்ட சிறிய பாண்ட்ரி மட்டும்.

பேஸ் கிச்சன் முறை தவறும் இடமும் எப்போதும் ஒன்றுதான்: நேரம். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். ஹாட் கேஸ் என்பது சூட்டைக் காக்கும் அலமாரி. ஆறிய உணவை அதில் வைத்துச் சூடாக்கிவிடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. 45 டிகிரியில் ஏற்றிய சாப்பாடு நீண்ட நேரம் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். அதிலும் சோறு ஆபத்தானது. சோற்றில் வளரும் பாசில்லஸ் கிருமியின் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. வண்டி மூன்று மணி நேரம் தாமதமானால், சரியான நேரத்துக்குச் சமைத்து அடைத்த சாப்பாடு பிளாட்பாரத்தில் வெயிலில் காத்திருக்கும். அப்படிப்பட்ட நாளில் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் சமைக்க வேண்டும். அந்த நஷ்டம் யார் கணக்கில் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லையென்றால், கொட்ட வேண்டிய உணவு வண்டியில் ஏறிவிடும்.

ஏற்றும் வேலையும் லேசானதல்ல. 400 சாப்பாட்டை 20 அடங்கும் கிரேட்களில் வைத்தால் 20 கிரேட். ஐந்து நிமிட நிறுத்தத்தில், இறங்குபவர் ஏறுபவர் நடுவே, ஒன்றிரண்டு கதவு வழியாக அத்தனையையும் ஏற்ற வேண்டும். பாண்ட்ரி கார் இருந்தால் அதற்கென்று ஒரு கதவும் வைக்க இடமும் இருக்கும். இல்லாத வண்டியில் கிரேட்கள் கழிவறை ஓரத்து நடைவழியில் அடுக்கப்படுகின்றன. பாண்ட்ரியை எடுத்ததில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இங்கேதான். எட்டு, பத்து மணி நேரப் பகல் வண்டிக்கு அது தேவையில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்கு மேல் ஓடும் வண்டியில், அதாவது சென்னையிலிருந்து தில்லி, ஹவுரா, அதற்கு அப்பால் போகிறவற்றில், சுடரில்லாத ஹாட் பஃபே கார் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தைக்கு வெந்நீர், சர்க்கரை நோயாளிக்கு நேரத்துக்கு ஏதோ ஒன்று, நடுக்காட்டில் வண்டி ஐந்து மணி நேரம் நின்றால் ஒரு கஞ்சி: இதையெல்லாம் எந்தத் தரைச் சமையலறையும் தர முடியாது. ஒரு பெட்டியின் 72 டிக்கெட் வருமானத்தை மட்டும் எடைபோட்டால் இந்தத் தேவை கணக்கில் வருவதே இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் வண்டியில் பாண்ட்ரி இல்லையென்றால் இ-கேட்டரிங்தான் நம்பகமான வழி. பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து ஐ.ஆர்.சி.டி.சி. செயலியிலோ 1323 என்ற எண்ணிலோ ஆர்டர் செய்யலாம். நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. இரண்டு நிமிடம் நிற்கும் ஊரை விட்டுவிட்டு, விஜயவாடா, பல்லார்ஷா, நாக்பூர் போல எஞ்சின் ஆட்களே மாறி நிதானமாக நிற்கும் நிலையமாகப் பாருங்கள். வண்டியின் அன்றைய தாமதத்தைப் பார்த்துவிட்டுச் சில மணி நேரம் முன்பு ஆர்டர் போடுங்கள். நள்ளிரவில் வந்து சேர்வதாக மாறிவிட்டால் முந்தைய நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கட்டிப் போவதானால் முதல் வேளைக்கு மட்டும் இட்லி, தயிர்சாதம். இரண்டாம் வேளைக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய சப்பாத்தியும்தான் தாங்கும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம்.

ரயிலில் வாங்கினால் அளவைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் வண்டியில் சைவச் சாப்பாடு 80 ரூபாய், நிலையத்தில் 70. அதில் 150 கிராம் சோறு, 150 கிராம் பருப்பு அல்லது சாம்பார், 100 கிராம் காய், இரண்டு பராத்தா அல்லது நான்கு சப்பாத்தி, 80 கிராம் தயிர், 12 கிராம் ஊறுகாய் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் ரயில் நீர் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். பில் கேளுங்கள். பில் தராவிட்டால் காசு தர வேண்டியதில்லை என்று ரயில்வேயே அறிவித்திருக்கிறது. டப்பாவின் மேல் கியூ.ஆர். குறியீடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். எந்தச் சமையலறை, எப்போது அடைத்தது என்பது தெரியும். மூடியைத் திறந்ததும் ஆவி வராமல், சோறு கட்டியாகிப் பிசுபிசுவென்று இருந்தால் ருசி பார்க்க வேண்டாம். டப்பாவையும் பில்லையும் படமெடுத்து, பெட்டி எண், நேரம், கடந்த நிலையம் மூன்றையும் குறிப்பிட்டு 139-க்கோ ரயில் மதத் செயலிக்கோ அனுப்புங்கள். வண்டியில் இருக்கும்போதே அனுப்பினால் அடுத்த பெரிய நிலையத்தில் ஆள் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எழுதினால் பதில் மட்டும்தான் வரும்.